பொலிஸுக்குத் துவக்குச் சட்டம் கிடையாதா? நமக்கு மட்டும்தானா?

ஊவாக்காரன் (வெலிமடை)

அமெரிக்காவில் ஒரு பழைய சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் எது வந்தாலும் கடைசியில் பொலிஸுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி வந்துவிடும். ஊர்ச்சனம் வைத்திருந்தால் ஆபத்து என்று தடுத்த அதே துவக்கு பொலிஸ்காரன் வீட்டு அலுமாரியில் இருந்தால் மட்டும் ஆபத்தில்லையா என்று அங்கே கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன். எங்கள் பெரியப்பா தோட்டத்து எல்லையில் கிழங்கும் போஞ்சியும் போடுகிறார். கிழங்கு தோண்ட இன்னும் கொஞ்ச நாள்தான் என்று இருக்கும்போது பன்றிக்கூட்டம் இறங்கும். காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க மூக்கால் உழுது புரட்டியிருக்கும். கொடியெல்லாம் வேரோடு மல்லாந்து கிடக்கும். பாதி கடித்த கிழங்கில் ஈ மொய்க்கும். இராவெல்லாம் தகரம் தட்டிப் பார்த்தார், பட்டாசு போட்டுப் பார்த்தார், நாயும் வளர்த்தார். பன்றி நாயைத்தான் கிழித்தது.

பயிர்க்காவலுக்கு ஒரு சொட்கன் லைசன் எடுக்கலாமே என்று ஒரு அலுவலகத்துக்குப் போனார். காணி உறுதி எங்கே, பேர்மிட் எங்கே என்று கேட்டார்கள். தோட்டக் காணிக்கு அவர் எங்கே போவார்? நாலு தலைமுறையாக அதே மண்ணில்தான் இருக்கிறோம், கடதாசி மட்டும் இல்லை. அதே டவுனில் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர் ஒருவர் தற்பாதுகாப்புக்கென்று பிஸ்டல் வைத்திருக்கிறார். அவரைப் பன்றியும் தொடவில்லை, பாதாள உலகமும் தேடவில்லை.

சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

டயகம தம்பி

அண்ணே, பெரியப்பாவுக்குத் துவக்கு குடுத்தா மொதல்ல பக்கத்து லயத்துக்காரன் கூரைதான் ஓட்டையாகும். 😄 சும்மா பகிடிக்குச் சொன்னேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

ஓய்வு சார்ஜன் (பதுளை)

தம்பி ஊவாக்காரன், நான் பொலிஸில் இருந்தவன், தமிழன், இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவன். அந்தப் பிஸ்டல்காரரை விடுங்கள், அது வேறு கதை, பிறகு வருகிறேன். கடமையில் இருக்கும் பொலிஸ்காரனின் துவக்கைப் பற்றி முதலில் ஒரு விஷயம் விளங்கிக்கொள்ளுங்கள். அது அவனுடைய துவக்கில்லை.

வெளியே கொண்டு போகும்போது பதிவேட்டில் எழுதுவோம். துவக்கின் நம்பரை வாய்விட்டு வாசிக்க வேண்டும், தோட்டாவை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்ததும் மகசினைக் கழற்றி, குழலை மணல் பெட்டிப் பக்கம் திருப்பி, உள்ளே ஒன்றும் தங்கவில்லை என்று இழுத்துக் காட்டிய பிறகுதான் ஒப்படைக்கலாம். ஒரு தோட்டா குறைந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. விசாரணை, அறிக்கை, இடமாற்றம், பதவி உயர்வு நிறுத்தம் எல்லாம் வரிசையாக வரும். குறைந்த ஒரு தோட்டாவுக்காகத் தூக்கமில்லாமல் கிடந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

லைசன் வேண்டாம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு ‘விலக்கு’ என்கிறீர்கள். அதற்குப் பதிலாக எங்கள் தலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கொட்டகலைக்காரன்

சார்ஜன் ஐயா சொல்வது காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. 2021 டிசம்பர் 24, திருக்கோவில் பொலிஸ் நிலையம். நத்தாருக்கு முந்தின இரவு. உள்ளேயே ஒரு சார்ஜன் டி-56 தானியங்கித் துவக்கை எடுத்துச் சுட்டு நாலு பொலிஸார் செத்தார்கள். அந்தத் துவக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்ததுதானே?

அப்புறம் 2023 டிசம்பர் கடைசி நாள் வெலிகம. கொழும்புக் குற்றப் பிரிவுக் குழு ஒன்று சிவில் உடுப்பில் வந்து ஹோட்டலுக்குச் சுட, உள்ளூர்ப் பொலிஸ் அவர்களை யாரென்று தெரியாமல் சுட, ஒரு பொலிஸ் சார்ஜனே செத்துப் போனார். அந்த விவகாரம் தேசபந்து தென்னகோன் வரைக்கும் போய், 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்கால் அவரைப் பொலிஸ்மா அதிபர் பதவியில் இருந்து தூக்கியது. பொலிஸையே பொலிஸுக்கு அடையாளம் தெரியாத நாட்டில் நம்பி விலக்குக் கொடுங்கள் என்கிறீர்கள்.

ஹட்டன் நளாயினி

நான் சட்டத்தரணி. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் வைக்கிறேன், பிறகு நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. லைசன் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பயிர்க்காவல் துவக்கு என்றால் மாவட்டச் செயலகம் (நம்மாட்களுக்குக் கச்சேரி), தற்பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு அமைச்சு. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு தண்டனை பயங்கரமாகக் கூடிவிட்டது, தானியங்கித் துவக்கு என்றால் ஆயுள் வரைக்கும் போகும்.

பொலிஸுக்கும் படைக்கும் உள்ள விலக்கு, அரசாங்கத்துத் துவக்கைக் கடமைக்காக வைத்திருப்பதற்கு. ஒரு கொன்ஸ்டபிள் தன் சொந்தத் தேவைக்குத் துவக்கு வாங்கினால் உங்களையும் என்னையும் போலத்தான் அவரும் லைசன் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் குழப்பம் வருவதே இந்தக் கோட்டை அழித்ததால்தான், அதை அங்கே இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

சுடுவதற்கான உரிமையில் இன்னும் ஒரு விஷயம். தண்டனைச் சட்டக்கோவையில் 89 தொடக்கம் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. அது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் பொலிஸ் அத்தியட்சகருக்கும் ஒரே அளவுதான். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் மட்டும் 1979 குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் தனியாக இருக்கிறது, அதற்கும் தேவைக்கு மிஞ்சிப் பலம் பாவிக்கக் கூடாது என்ற வரம்பு உண்டு.

ஊவாக்காரன் சொன்ன ஓய்வுபெற்றவருக்கு விலக்கு எதுவும் இல்லை. அவரிடம் இருப்பது லைசன். லைசன் யாருக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான முறைப்பாடு.

ஊவாக்காரன்

நளாயினி அக்கா, அதேதான். சட்டத்தில் விலக்கு இல்லை, நடப்பில் இருக்கிறது. எழுதப்படாத விலக்கை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது?

சான் ஹோசே சிவா

நான் பிறந்தது பொகவந்தலாவை, இப்போது கலிபோர்னியா. இங்கத்தைக் கதையைச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் விற்க அனுமதித்த கைத்துவக்குகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் தேறாதது பட்டியலில் வராது, வராததைக் கடையில் சாதாரண ஆளுக்கு விற்க முடியாது. பொலிஸ்காரர் வாங்கலாம். கடமைக்கு மட்டுமில்லை, தன் சொந்தத்துக்கும் வாங்கலாம். ‘பாதுகாப்பில்லாத துவக்கு’ என்று பெயர் வைத்துத் தடுத்ததைப் பொலிஸ் வீட்டுக்குக் கொண்டு போகலாமாம். அப்படி வாங்கி லாபம் வைத்து விற்று மத்திய அரசு வழக்கில் மாட்டிய பொலிஸ்காரர்களும் இருக்கிறார்கள்.

2002இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சில்வேரா எதிர் லொக்யர் என்று ஒரு வழக்கு. தாக்குதல் ரகத் துவக்குகளைத் தடுத்த சட்டம் செல்லும் என்றார்கள். சேவையில் உள்ள பொலிஸார் கடமை நேரத்துக்கு வெளியே வைத்திருப்பதும் சரி என்றார்கள். ஓய்வுபெற்ற பொலிஸாருக்குக் கொடுத்த விலக்கை மட்டும் வெட்டிவிட்டார்கள். பென்ஷன் எடுத்துவிட்டு வீட்டில் இருப்பவருக்கு மற்றப் பிரஜையிடம் இல்லாத என்ன தேவை இருக்கிறது, சட்டத்தின் நோக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி. அரசாங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

கதை அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2004இல் மத்திய அரசு தனிச்சட்டம் கொண்டுவந்து, சேவையில் உள்ளவரும் தகுதியுள்ள ஓய்வுபெற்றவரும் எந்த மாநிலத்துக்குள்ளும் துவக்கை மறைத்துக் கொண்டு போகலாம் என்று விட்டது. மேரிலாந்துச் சட்டத்தில் ஓய்வுபெற்ற பொலிஸுக்கு இருந்த விலக்கை 2017இல் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. ஆக ஒரே நாட்டில் இரண்டு நீதிமன்றம், இரண்டு பதில்.

நியூயோர்க்கில் இன்னும் வேடிக்கை. 2013 ஜனவரியில் அவசர அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றி, பெரிய மகசின்களைத் தடுத்தார்கள். அந்த அவசரத்தில் பொலிஸுக்கு விலக்கு எழுத மறந்துவிட்டார்கள்! பிறகு ஓடிப்போய்த் திருத்தினார்கள். விலக்கு எவ்வளவு பழக்கமாகிப் போயிருந்தால் அது விடுபட்டதே செய்தியாகும் பாருங்கள்.

டயகம தம்பி

சிவா அண்ணே, அப்ப அங்க சனம் என்ன சொல்லுது? பொலிஸுக்கும் தடு என்றா, எங்களுக்கும் தா என்றா?

சான் ஹோசே சிவா

சத்தமாகக் கேட்பவர்கள் ‘எங்களுக்கும் தா’ கட்சி. அவர்களின் வலுவான வாதம் இதுதான்: பொலிஸ் எங்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர்களா? 2005இல் காசில் ரொக் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம், கணவனுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு எடுத்திருந்த ஒரு தாய், பொலிஸ் அதை நடைமுறைப்படுத்தவில்லை என்று அரசியலமைப்பின்படி நட்டஈடு கேட்க முடியாது என்றது. பிள்ளைகள் மூவரையும் அவன் கொன்றிருந்தான். 2022 மே 24 டெக்சாஸ் யுவால்டி பாடசாலையில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் செத்த நாளில், ஆயுதத்தோடு போன பொலிஸ் 77 நிமிடம் வகுப்பறைக்குள் நுழையாமல் நின்றது. காப்பாற்றும் கடமை இல்லை, துவக்கில் மட்டும் விசேஷ உரிமை என்றால் யாருக்கும் எரியும்தானே.

தொழிற்சங்கத்துப் பழையவன் (கண்டி)

பிள்ளைகளே, அமெரிக்காவரைக்கும் போகிறீர்கள். மலைநாட்டில் துவக்கு யார் கையில் இருந்தது, யார் நெஞ்சில் பாய்ந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்.

1940 ஜனவரி, ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டம். சம்பளமும் சங்கமும் கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். விசாரணை ஆணைக்குழுவில் கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1977 மே 11, டெவன் தோட்டம். தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற தொழிலாளரில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் செத்தார். கவனியுங்கள், ஊவாக்காரன் தம்பியின் பெரியப்பாவிடம் அலுவலகத்தில் கேட்ட அதே காணிக் கடதாசிதான் அங்கேயும் பிரச்சினை.

அடுத்தது 2000 ஒக்டோபர் 25, பண்டாரவளைக்கு அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். ஆயுதத்தோடு ஏறக்குறைய 60 பொலிஸார் நிற்க, கூட்டம் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரை வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிஸின் துவக்கு கூட்டத்தைத் தடுக்கவில்லை. மரண தண்டனை பெற்றவர்களில் பொலிஸ்காரரும் இருந்தார்கள், மேன்முறையீட்டில் 2005க்குள் எல்லோரும் வெளியே. அதைக் கண்டித்துத் தலவாக்கலையில் சனம் கூடியபோது மட்டும் துவக்கு நன்றாக வேலை செய்தது.

தோட்டத்தில் துவக்கென்றால் ஒரு காலத்தில் இரண்டே இடம்தான், பொலிஸ் ஸ்டேஷனும் துரை பங்களாவும். எங்கள் ஆட்களுக்கு வாட்ச்சராகப் போய் அதைத் தூக்கித் திரியும் உத்தியோகம் கிடைத்தது.

ஓய்வு சார்ஜன் (பதுளை)

பழையவர் ஐயா, பிந்துனுவெவ பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். அந்த நாட்களில் காக்கி உடுப்போடு பதுளை டவுனில் தமிழ்க் கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது. அதை எழுதிவிட்டுத்தான் மேலே எழுத முடிகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே சட்டத்தரணி வேடத்தில் வந்து ஆளைச் சுட்டுவிட்டுப் போனான். தோட்டாவோடு வருகிறவனை விசிலோடு எதிர்கொள்ளச் சொல்கிறீர்களா? ரம்புக்கனையில் 2022 ஏப்ரல் 19 எரிபொருள் ஆர்ப்பாட்டத்தில் சமிந்த லக்ஷான் செத்தபோது சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகரே கைதாகி விளக்கமறியலுக்குப் போனார். விலக்கு என்றால் இது எப்படி நடக்கும்?

கொட்டகலைக்காரன்

ஐயா, ரம்புக்கனையில் ஊரே படம் பிடித்தது. டெலிபோன் சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் நடந்திருந்தால்?

காட்டுப்பூனை (நோர்வுட்)

எல்லோரும் மனுஷனைப் பற்றியே பேசுகிறீர்கள். 😾

பன்றிக்குத் துவக்கு கிடைக்காதவன் சும்மா இருப்பதில்லை. பழைய வாகனத்தின் கிளட்ச் கேபிளை வாங்கி, தேயிலைச் செடியின் அடியில் கட்டி, பன்றி போகும் ஒற்றையடிப் பாதையில் சுருக்கு வைக்கிறான். பெரிய செலவில்லை, லைசன் இல்லை, சத்தம் இல்லை. அந்தச் சுருக்குக்குப் பன்றியென்றும் சிறுத்தையென்றும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் மாட்டியது. உயிரோடு மீட்டுக் கொண்டு போயும் சில நாளில் செத்தது. கழுத்தில் இறுகிய கம்பி. அந்த மாதிரிக் கருஞ்சிறுத்தை நம் மலையில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பார்கள்?

இன்னும் மோசம் கட்டுத்துவக்கு. நீர்க்குழாயை வைத்து உள்ளூரில் அடித்த குழல், குறுக்கே ஒரு நூல், நூலில் கால் பட்டால் வெடிக்கும். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனுஷனுக்கு முழங்காலில் படும். விறகு பொறுக்கப் போனவர்களின் கால் போயிருக்கிறது.

ஆகவே ஊவாக்காரன் கேட்பது போல் எல்லோருக்கும் லைசன் கொடுத்தால் சுருக்கு குறையுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. சொட்கன் வந்தால் மரையும் மானும் சட்டிக்குள் போகும், பன்றி அப்படியே இருக்கும்.

ஊவாக்காரன்

பூனையாரே, அப்படியென்றால் காணி உறுதி உள்ளவனின் சொட்கனில் மரை சாகாதா? அவனுக்குக் கொடுக்கிறார்களே. தடுக்கிறதென்றால் எல்லோருக்கும் தடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னார்கள் ஞாபகம் இருக்கிறதா? பெரியப்பாவும் எண்ணினார். பன்றியை எங்கே எண்ணுவது, அது காலை எட்டு மணிக்கு வராதே.

மஸ்கெலியா டீச்சர்

இவ்வளவு நேரமும் ஆம்பிளைகள்தான் அதிகம் பேசியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி. லயத்துக் காம்பராவில் அந்தத் துவக்கை எங்கே வைப்பீர்கள்?

ஒரு அறை, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் குசினி. அதற்குள் ஆறு ஏழு பேர். பூட்டு உள்ள அலுமாரி எத்தனை வீட்டில் இருக்கிறது? என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வைக்கவே இடமில்லை, கட்டிலுக்குக் கீழே செருப்போடு கிடக்கும். அந்தக் கட்டிலுக்குக் கீழேதான் சொட்கனும் போகும், தோட்டா சீனி டின்னுக்குள் போகும். சம்பள நாள் இரவில் லயத்தில் என்ன நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குக் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கினால் பொம்பிளை ஓடித் தப்பலாம், அடுத்த காம்பரா கதவைத் தட்டலாம். துவக்கிலிருந்து ஓட முடியாது.

ஆனால் சார்ஜன் ஐயா, இதே கேள்வியை உங்கள் ஆட்களிடமும் கேட்கிறேன். கடமை முடிந்து ரிவோல்வரோடு குவார்ட்டர்ஸுக்குப் போகிறவரின் வீட்டிலும் மனைவி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது, போத்தலும் இருக்கும். சீருடையைக் கழற்றிக் கொடியில் போட்ட பிறகு அவரும் புருஷன்தானே. லயத்தில் துவக்கு ஆபத்தென்றால் குவார்ட்டர்ஸிலும் ஆபத்துத்தான். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறது, உங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்ல உங்களில் யாருக்கு இருக்கிறது?

டயகம தம்பி

டீச்சர் 🙏 எங்கம்மா பக்கத்தில இருந்து இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, ‘அவங்க சொல்றதுதான் சரி’ன்னு எழுதச் சொன்னாங்க.

மட்டுறுத்துநர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். குறிப்பிட்ட பொலிஸ் நிலையம், பொறுப்பதிகாரி பெயர், இலஞ்சத் தொகை எல்லாம் போட்டிருந்தது. முறைப்பாடு இருந்தால் தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவுக்கோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ எழுதுங்கள். இழை திறந்தே இருக்கும்.

ஓய்வு சார்ஜன் (பதுளை)

டீச்சர் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். கடமை முடிந்தால் துவக்கு களஞ்சியத்தில்தான் இருக்க வேண்டும். அச்சுறுத்தல் உள்ள உத்தியோகத்தர், போதைவஸ்து வழக்கில் சாட்சி சொன்னவர், இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டு போக அனுமதி தேவைப்படும், அதை எழுத்தில், காலவரையறையோடு கொடுக்கலாம். மற்றவர்களுக்கு எதற்கு? நான் சேவையில் இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் சக ஆட்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

ஊவாக்காரன் முதலில் சொன்ன பிஸ்டல்காரருக்கு இப்போது வருகிறேன். 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளையெல்லாம் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னதே, வெலிசறையில் கடற்படையிடம். மீளாய்வு செய்து தேவையுள்ளவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுப்பதுதான் நோக்கம். பெரிய மனுஷர் நிறையப் பேருக்கு அன்றைக்குத்தான் சட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. நல்ல வேலை.

கொட்டகலைக்காரன்

நல்ல வேலைதான். ஆனால் லைசன் உள்ளவனிடம் வாங்குவது சுலபம், விலாசம் இருக்கிறதே. ஒரே படை முகாமில் இருந்து 73 டி-56 பாதாள உலகத்துக்குப் போனதாக 2025இல் ஜனாதிபதியே சொன்னார். பயிர்க்காரனின் லைசன் தவறியதா அதற்குக் காரணம்? அந்தத் துவக்குகளும் ‘விலக்கு’ உள்ள களஞ்சியத்தில் இருந்து போனவைதான். சார்ஜன் ஐயா எண்ணிய தோட்டாவை மேலே இருந்தவர்கள் எண்ணவில்லை.

தொழிற்சங்கத்துப் பழையவன் (கண்டி)

இதற்கு மறுபக்கமும் உண்டு தம்பி. 1971லும் 87-89லும் கிளர்ச்சிக்காரர் முதலில் தேடிப்போனது வீடுகளில் இருந்த லைசன் சொட்கன்களைத்தான். இரவில் கதவைத் தட்டி, துவக்கைத் தா என்று கேட்டார்கள். துவக்கு வைத்திருந்ததால் காப்பாற்றப்பட்டவனை விட அதனால் மாட்டிக்கொண்டவனை எனக்கு நிறையத் தெரியும். உறுதி இல்லாததால் துவக்கு கிடைக்காத நாங்கள் அந்த ஒரு விஷயத்தில் தப்பினோம்.

ஹட்டன் நளாயினி

சிவா சொன்ன அமெரிக்க வழக்குக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

அங்கே பொலிஸ் காப்பாற்றாவிட்டால் அரசியலமைப்பின்படி கேட்க முடியாது என்றார்கள். இங்கே 2023 ஜனவரி 12, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல் வழக்கில் உயர் நீதிமன்றம், தகவல் கிடைத்தும் நடவடிக்கை எடுக்காதது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், அப்போதைய பொலிஸ்மா அதிபர் பூஜித ஜயசுந்தர ஏழரைக் கோடி ரூபாய் சொந்தப் பணத்தில் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. காப்பாற்றும் கடமை உண்டு என்பது இங்கே தீர்ப்பாகவே இருக்கிறது. பொலிஸுக்குத் துவக்கில் விலக்குக் கொடுப்பதை நான் ஏற்றுக்கொள்வது அந்தக் கடமைக்காகத்தான். கடமை முடிகிற இடத்தில் விலக்கும் முடிய வேண்டும். சில்வேரா வழக்கில் ஓய்வுபெற்றவர்களுக்கு நடந்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

அடுத்தது, கொட்டகலைக்காரனின் டி-56 கணக்கு. ஒரு பயிர்க்காரர் லைசனைப் புதுப்பிக்க மறந்தால் அவர் குற்றவாளி, வீட்டுக்கே தேடி வருவார்கள். அரசாங்கக் களஞ்சியத்தில் துவக்கு குறைந்தால் வருடக்கணக்கில் எவருக்கும் தெரியாது. விலக்கு என்பது லைசனில் இருந்து மட்டும்தான் இருக்க வேண்டும், கணக்குக் காட்டுவதில் இருந்து இருக்கக் கூடாது. களஞ்சியக் கணக்கை வருடா வருடம் வெளியாள் ஒருவர், கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் என்று வைத்துக்கொள்வோம், எண்ணிப் பார்க்கட்டும்.

பெரியப்பாவுக்கு வருகிறேன். அவருக்குத் துவக்கு வேண்டுமா இல்லையா என்பதில் நான் டீச்சர் பக்கம். ஆனால் காணிக் கடதாசி இல்லை என்ற காரணத்தால் மறுப்பது வேறு விஷயம். அரசியலமைப்பின் 12(1) எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஏழு பேர்ச் காணிக்கே மாசாமாசம் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிற ஒரு சமூகத்திடம் காணி உறுதியை நிபந்தனையாக வைத்தால், எழுத்தில் யாரையும் ஒதுக்காமலே ஒரு சமூகத்தை முழுசாக ஒதுக்கிவிடலாம். கேட்க வேண்டியது அவர் பயிர் செய்கிறாரா, பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா, குடித்துவிட்டு அடிக்கிற ஆளா என்பதைத்தான். உறுதி உள்ளவரிடமும் இதே மூன்றையும் கேட்கட்டும், நிறையப் பேருக்குக் கிடைக்காது.

காட்டுப்பூனை (நோர்வுட்)

இதற்கு நான் சம்மதம். கூடவே ஒன்று: துவக்கு தனியாள் வீட்டில் வேண்டாம். தோட்டத்துக்கு ஒன்று, ஆபீஸில் பூட்டி, வாட்ச்சர் பெயரில், எடுத்ததும் வைத்ததும் எழுதி. சார்ஜன் ஐயா சொன்ன பதிவேட்டு முறையே போதும். அதோடு சுருக்கு வைப்பவனைப் பிடியுங்கள்.

ஊவாக்காரன்

ஆபீஸில் பூட்டி வைத்தால் திறக்கிறது யார், கிளாக்கர்தானே? இராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பன்றி வந்ததும் அவரை எழுப்பிச் சாவி வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு... பன்றி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விடும். 😅

சரி, பகிடியை விடுவோம். மின்சார வேலிக்கு உதவி கேட்டாலும் முதலில் காணிக் கடதாசிதான் கேட்கிறார்கள், அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர். எங்கள் மாவட்டத்தில் பயிர்க்காவல் லைசன் எத்தனை கொடுத்திருக்கிறார்கள், அதில் தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர் என்று யாரிடம் கேட்டால் தெரியும்?

ஹட்டன் நளாயினி

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். மாவட்டச் செயலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆட்களின் பெயர் கேட்காதீர்கள், அதைச் சாட்டாக வைத்து முழுவதையும் மறுப்பார்கள். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக. காணிக் கடதாசி இல்லை என்று நிராகரித்த விண்ணப்பங்கள் எத்தனை என்பதையும் தனிக் கேள்வியாக வையுங்கள்.

ஓய்வு சார்ஜன் (பதுளை)

இன்னொரு கடிதம் பொலிஸ் தலைமையகத்துக்கும் போடுங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் காணாமல் போன உத்தியோகபூர்வத் துவக்குகள் எத்தனை, திரும்பக் கிடைத்தவை எத்தனை. தேசிய பாதுகாப்பு என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள், விடாமல் மேன்முறையீடு செய்யுங்கள். வசனத்தை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், தனிமடல் போடுங்கள், சிங்களத்திலும் எழுதித் தருகிறேன்.

ஊவாக்காரன்

போட்டிருக்கிறேன் ஐயா. திங்கட்கிழமை இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்ததும் இதே இழையில் படம் எடுத்துப் போடுகிறேன்.

டயகம தம்பி

பதுளைக்கு மட்டும் போதாது அண்ணே, நுவரெலியாவுக்கும் ஒன்று வேண்டும். மாதிரிக் கடிதத்தை இங்கே ஒட்டுங்கள், பெயரையும் விலாசத்தையும் மாற்றி நான் அனுப்புகிறேன்.